மரமேற்றும் தொழிலும் உற்பத்தித்திறன் என்னும் அளவுகோலும்: ஒரு வரலாற்று நோக்கு

1

1842ஆம் ஆண்டின் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், ஜேர்மனியின் ரைன் மாகாணப் பத்திரிகையொன்றில் இளம் மார்க்ஸ் எழுதிய கட்டுரைத் தொடரொன்று விறகு திருட்டுச் சட்டம் பற்றியதாகும். காட்டில் உதிர்ந்து கிடந்த சுள்ளிகளை ஏழைகள் பொறுக்குவதையும் திருட்டெனத் தண்டிக்க மாகாண சபை முற்பட்டபோது, அதனை எதிர்த்து அவர் அக்கட்டுரைகளை எழுதினார். பொருளியல் நலன்கள் பற்றிய வினாக்களைத் தாம் முதன்முதலில் எதிர்கொள்ள நேர்ந்தது இத்தகைய விவாதங்களின்போதே என, 1859இல் வெளிவந்த ‘அரசியற் பொருளாதார விமர்சனத்துக்கு ஒரு பங்களிப்பு’ என்னும் நூலின் முன்னுரையில் அவரே குறிப்பிட்டுள்ளார். ஆகவே, மரத்தினூடாகச் சமூக உறவுகளை நோக்குதல் மார்க்சிய ஆய்வுமரபுக்குப் புதியதன்று.

எனினும், காடுகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இரு முனைகளிலேயே கவனஞ் செலுத்தியுள்ளனர். காடு யாருக்குச் சொந்தம் என்பது ஒரு முனை. வெட்டிய மரம் எங்கே, என்ன விலைக்கு விற்கப்பட்டது என்பது மறுமுனை. இவ்விரண்டுக்கும் இடையே, வீழ்த்தப்பட்ட மரக்குற்றியை நிலத்திலிருந்து தூக்கி வாகனத்தின்மீது ஏற்றும் உழைப்பு பற்றி அதிகம் பேசப்படவில்லை. ஆனால் காட்டினுள்ளே கிடக்கும் குற்றி, வாங்குவோனைப் பொறுத்தவரையில் இன்னும் பயன்படத்தக்க பண்டமன்று. பொருளை நுகர்வுக்குரிய இடத்திற்குக் கொண்டுசெல்லும் உழைப்பும் அதன் பெறுமதியைக் கூட்டுகின்றது என்பது ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்திலே தெளிவாக்கப்பட்ட உண்மையாகும். அவ்வகையில் மரமேற்றுதல் உற்பத்தியின் ஓர் அங்கமேயன்றி, அதன் பின் நிகழும் சில்லறை வேலையன்று.

இத்தொழிலைப் பற்றி முகாமையாளர் பேசும்போதெல்லாம் முன்வரும் சொல் ‘உற்பத்தித்திறன்’ என்பதாகும். இச்சொல் ஒரு பின்னத்தைக் குறிக்கின்றது. கோட்டுக்கு மேலே, தொகுதியெண்ணாக நிற்பது ஏற்றப்பட்ட மரத்தின் அளவு. கீழே, பகுதியெண்ணாக நிற்பது அதற்குச் செலவான உழைப்பு நேரம். இதிற் கணிதம் எளியது. ஆயின், மேலே வருவதை எந்த அளவையால் அளப்பது, கீழே எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்பவை கணிதத்தால் தீர்வனவல்ல. அவை வர்க்கங்களுக்கிடையிலான போராட்டத்தினாலேயே தீர்மானிக்கப்பட்டு வந்துள்ளன என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்தாகும். ஐக்கிய அமெரிக்காவின் மரத்தொழிலை முதன்மைச் சான்றாகக் கொண்டு, சோவியத் முகாம்களையும் சுவீடனையும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கின்றோம்.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிச்சிகன், விஸ்கொன்சின், மினசோட்டா ஆகிய மாநிலங்களின் வெண்பைன் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. அங்கே குளிர்காலமே ஏற்றுங்காலம். பாதைகளில் நீர் தெளித்து உறையவிட்டு, அப்பனிக்கட்டித் தடத்தின்மீது சறுக்கு வண்டிகளைக் குதிரைகள் இழுத்துச் சென்றன. குற்றிகளை வண்டியில் ஏற்றும் முறையும் குதிரையைக் கொண்டே அமைந்தது. வண்டியின் ஒரு பக்கத்தில் இரண்டு சாய்மரங்கள் சார்த்தப்படும். குற்றியைச் சுற்றிய சங்கிலியின் முனை வண்டிக்கு மேலாக மறுபக்கம் சென்று குதிரையுடன் பிணைக்கப்படும். குதிரை முன்னே நடக்க, குற்றி உருண்டு சாய்மரங்களின் வழியே மேலேறும். நிலத்தில் நிற்கும் இருவர் கொக்கித் தடிகளால் குற்றியின் இரு முனைகளும் ஒருசேர ஏறுமாறு பார்த்துக்கொள்வர். சுமையின் உச்சியில் நிற்பவர், வந்துசேரும் குற்றியைப் பிடித்து அதற்குரிய இடத்தில் இருத்துவார். ஒரு முனை முந்தினால் குற்றி திரும்பிச் சரியும். மேலே நிற்பவர் குதித்துத் தப்ப வேண்டும். கீழே நிற்பவருக்கு அதற்கும் நேரமிராது. இவர்கள் கையாண்ட கொக்கித் தடி, மெயின் மாநிலத்துக் கொல்லரான ஜோசப் பீவி 1850களின் இறுதியில் உருவாக்கியதாகும். அது அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது.

இவ்வேலையின் இயல்பு மனங்கொள்ளத்தக்கது. குதிரையை நடத்துவோர், கீழே நிற்கும் இருவர், மேலே நிற்பவர் ஆகியோருள் எவரது உழைப்பையும் தனியே பிரித்து, இவர் இன்று இத்தனை தொன் ஏற்றினார் எனக் கூறவியலாது. வேகமும் ஓய்வும் குழுவின் உள்ளிருந்தே பிறந்தன. கூட்டுழைப்பில் அசைவுகளை ஒருங்கிணைக்கும் ஒலியிலிருந்து பாடலின் சந்தம் வளர்ந்ததை, 1896இல் கார்ல் பியூகரும், அவர்வழி நின்று 1945இல் ஜோர்ஜ் தொம்சனும் விளக்கியுள்ளனர். தொம்சனின் சிந்தனை பேராசிரியர் கைலாசபதி வாயிலாகத் தமிழாய்வுக்கு நெருக்கமானது. தோணி தள்ளுவோரின் ‘ஏலேலோ’வை அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இங்கு நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: உழைப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் அளவு, அக்கட்டத்தில் உழைப்போரின் குரலிலும் கண்ணசைவிலும் பெருமளவுக்கு அடங்கியிருந்தது. இதனால் அவ்வாழ்வு இனிமையானதாய் இருந்தது என்பதன்று. கூலி குறைவு, படுக்கையோ வைக்கோல். ஆயினும், வேலையின் அறிவு வேலை செய்வோரிடமே இருந்தது.

இவ்வறிவும் வலிமையும் வெகுவிரைவில் மூலதனத்தின் விளம்பரப் பொருளாயின. 1893இல் சிக்காகோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கென, மிச்சிகனின் யூவன் என்னும் ஊர்ப்பகுதியில் ஒரு சுமை கட்டப்பட்டது. ஒரே சறுக்கு வண்டியின்மீது 50 குற்றிகள், ஏறத்தாழ 36,000 பலகை அடி மரம் அடுக்கப்பட்டு, இரண்டே குதிரைகளால் இழுக்கப்பட்டது. அது எந்தவொரு வேலைநாளின் சுமையுமன்று, காட்சிக்கென்றே கட்டப்பட்டது. அதன் நிழற்படமோ நாடெங்கும் பரவி, மரத்தொழிலின் வழமையான ஆற்றலுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

போல் பன்யன் கதைக்கு நேர்ந்ததும் இதுவே. காட்டுத் தொழிலாளர் இரவில் தமக்குள் புளுகிச் சிரித்த பேருருவ மரம்வெட்டியின் கதைகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்திரிகைகளில் அச்சேறின. 1914இல் ரெட் ரிவர் மரக் கம்பனிக்காக டபிள்யூ. பி. லோகெட் என்பவர் அவற்றைப் படங்களுடன் விளம்பரச் சிறுநூலாக்கினார். பெரும்பாலான அமெரிக்கர் பன்யனை அறிந்தது இவ்வழியாகவே. தன் முதுகு நோவினை மிகைப்படுத்திக் கேலி செய்ய உழைப்பாளி படைத்த உருவம், அலுப்பறியாது உழைக்கும் இலட்சியத் தொழிலாளியாகக் கம்பனியின் கையில் மாறிற்று. நாட்டார் வழக்காறுகளை ஆராய்வோர் ஒரு கதையின் கருவை மட்டுமன்றி, அக்கதை எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது என்பதனையும் நோக்க வேண்டும் என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

3

இனித் தொகுதியெண்ணை நோக்குவோம். ஏற்றப்பட்ட மரத்தை எவ்வாறு அளப்பது? அமெரிக்க மரத்தொழிலின் அலகு பலகை அடி. ஓரடி நீளமும், ஓரடி அகலமும், ஓரங்குலத் தடிப்பும் கொண்ட பலகையே அது. ஆனால் காட்டில் இருப்பது உருண்டைக் குற்றி. அதிலிருந்து எத்தனை பலகை அடி கிடைக்கும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட ‘குற்றி அளவை’ வாய்பாடுகள் வகுக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தோன்றிய டொயில் வாய்பாடும், 1846இல் வெளியான ஸ்கிறிப்னர் வாய்பாடும் அவற்றுட் புகழ்பெற்றவை.

டொயில் வாய்பாட்டின்படி, 16 அடி நீளக் குற்றியொன்றின் சிறிய முனையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதில் நான்கைக் கழித்து, எஞ்சியதை வர்க்கிக்க வேண்டும். 8 அங்குல விட்டமுள்ள குற்றிக்கு அது 16 பலகை அடி எனக் காட்டும். ஜட்சன் கிளார்க் 1906இல் வெளியிட்ட முறையை அடியொற்றிய சர்வதேச வாய்பாட்டின் கால் அங்குல வடிவம், அதே குற்றிக்கு 40 பலகை அடி எனக் காட்டுகின்றது. அதாவது, இருப்பதன் ஐந்திலிரண்டு பங்கே முன்னைய வாய்பாட்டிற் பதிவாகின்றது. பெருத்த குற்றிகளில் இவ்வேறுபாடு குறைந்துவிடும். ஆனால் முதுகாடுகள் அழிந்து, குற்றிகள் சிறுத்துச் சென்றபோது, வாய்பாட்டின் பிழை மென்மேலும் வாங்குவோருக்குச் சாதகமாயிற்று. ஆயினும் டொயில் வாய்பாடு அந்நாட்டின் பல மாநிலங்களில் இன்றும் கைவிடப்படவில்லை.

இது விற்போருக்கும் வாங்குவோருக்கும் இடையிலான வழக்கு மட்டுமன்று. ஆயிரம் பலகை அடிக்கு இவ்வளவு எனக் கூலி பேசப்படும் இடத்தில், சிறு குற்றிகளை ஏற்றுவோர் நாள் முழுதும் உருட்டிய மரத்தின் பெரும்பகுதி கணக்கேட்டில் இல்லாமற் போகின்றது. பெரிய குற்றி ஒன்றினை ஏற்றும் அசைவுகளையும் ஆபத்தையும், சிறிய குற்றிகள் பலவற்றை ஏற்றுவோர் பலமுறை மேற்கொள்கின்றனர். ஆனால் கணக்கில் அவர்கள் ‘திறன் குறைந்தோர்’. துண்டுக்கூலி என்பது நேரக்கூலியின் மாற்றுருவே என்றும், தொழிலாளி தானே தன்னைக் கடிந்து வேலைவாங்கச் செய்யும் வடிவம் என்றும் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்பாகத்தில் ஆராய்ந்துள்ளார். அத்துண்டினை அளக்கும் கோலே ஒருபக்கம் சாய்ந்திருக்குமாயின், சுரண்டல் இருமடங்காகின்றது.

4

பகுதியெண்ணாகிய உழைப்பு நேரத்தின்மீது முகாமையின் கை முதன்முதல் வெளிப்படையாக விழுந்தது காட்டிலன்று, உருக்காலையொன்றின் முற்றத்தில். எனினும் அங்கு நடைபெற்றதும் ஏற்றுவேலையே என்பது கவனிக்கற்பாலது. 1899இல் பென்சில்வேனியாவின் பெத்லெஹெம் ஆலையில், தலா 92 இறாத்தல் நிறையுள்ள வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சாய்பலகை வழியே சுமந்து, புகையிரதப் பெட்டிகளில் ஏற்றும் தொழிலாளரைப் பிரெடெரிக் டெயிலர் ஆராய்ந்தார். ஆளொருவர் நாளொன்றுக்குச் சராசரி 12½ தொன் ஏற்றியதாகவும், தமது முறையின்கீழ் 47½ தொன் ஏற்ற முடிந்ததாகவும் 1911இல் வெளியான ‘விஞ்ஞான முகாமையின் கோட்பாடுகள்’ என்னும் நூலில் அவர் எழுதினார். ‘ஷ்மிட்’ என அவர் புனைபெயரிட்டழைத்த தொழிலாளியின் உண்மைப் பெயர் ஹென்றி நோல்.

டெயிலரின் கணக்கினை அவர் தந்த எண்களைக் கொண்டே நோக்குவோம். ஏற்றிய அளவு 3.8 மடங்காயிற்று. நாட்கூலியோ 1 டொலர் 15 சதத்திலிருந்து 1 டொலர் 85 சதமாக, அதாவது ஏறத்தாழ 1.6 மடங்காகவே உயர்ந்தது. ஒரு தொன்னை ஏற்றுவதற்கான கூலிச்செலவு 9.2 சதத்திலிருந்து 3.9 சதமாகக் குறைந்தது. தொழிலாளியின் கையில் கூடுதற் பணம் விழுந்தது மெய். அவரது ஒவ்வொரு தொன் உழைப்பின் விலையும் பாதிக்கும் கீழே வீழ்ந்தது என்பதும் மெய். இக்கதையின் பல விவரங்கள் ஆலையின் பதிவேடுகளுடன் பொருந்தவில்லை என்பதை 1974இல் ரெகே, பெரோனி ஆகிய ஆய்வாளர் இருவர் எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில் வெளிவந்த ஹரி பிறேவர்மனின் ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்னும் நூல், சிந்தனையைச் செயலிலிருந்து பிரித்தெடுத்து முகாமையின் உடைமையாக்குவதே டெயிலரியத்தின் சாரம் என நிறுவிற்று.

டெயிலரின் கண்டுபிடிப்புகளுள் அதிகம் பேசப்படாத ஒன்றுண்டு. 92 இறாத்தற் கட்டியைச் சுமக்கும் ஒருவர், நாளின் 43 வீதமே சுமையுடன் இருத்தல் கூடும். எஞ்சிய 57 வீதம் சுமையற்றிருத்தல் வேண்டும் என்பதே அது. ஓய்வும் உற்பத்தியின் கூறே என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் எப்போது சுமப்பது, எப்போது அமர்வது என்பதைக் கடிகாரத்துடன் நின்றவரே கட்டளையிட்டார். முன்னர் குழுவின் சந்தத்திற்குள் அடங்கியிருந்த ஓய்வு, இப்பொழுது மேலிருந்து வழங்கப்படும் ஒன்றாயிற்று. பாடலின் இடத்தைக் கடிகாரம் கைப்பற்றிய கணம் என இதனைக் கூறலாம்.

5

காட்டிலே கடிகாரத்தின் பணியை இயந்திரம் செய்தது. இரும்புக் கட்டிகள் ஒரே நிறையுடையன. குற்றிகளோ ஒன்றைப்போல் ஒன்றிரா. நிலமும் காலநிலையும் நாளுக்கு நாள் மாறும். எனவே ஆளைத் தனியே நிறுத்தி நேரமளத்தல் கடினமாயிற்று. ஆனால் குழுவினருக்கு நடுவே களைப்பறியா இயந்திரமொன்றை நிறுத்திவிட்டால், அதன் வேகமே அனைவரின் வேகமுமாகும். 1881இல் கலிபோர்னியாவின் யுரேகாவில் ஜோன் டொல்பீர் உருவாக்கிய நீராவி இழுவை இயந்திரம், குதிரையும் எருதும் இழுத்த குற்றிகளைக் கம்பிவடத்தால் இழுத்தது. தொழிலாளர் அதனைக் ‘கழுதை’ என்றழைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மினசோட்டாவின் டுலூத் நகரில் தயாரிக்கப்பட்ட மக்கிபர்ட் ஏற்று இயந்திரம், தண்டவாளத்தின் இருமருங்கும் கால்பரப்பி நிற்க, வெறும் பெட்டிகள் அதன் அடியால் ஒவ்வொன்றாக வந்து நிறைந்து சென்றன. பசிபிக் கரையோரக் காடுகளில் இவ்விரைவு வேலை ‘ஹைபோல்’ எனப்பட்டது. தடையின்றி ஓடுமாறு புகையிரதத்திற்குக் காட்டும் சமிக்ஞையின் பெயர் மனிதருக்கும் இடப்பட்டமை தற்செயலானதன்று.

இச்சூழலிலேதான் பகுதியெண் பற்றிய முதற் பெரும்போர் நிகழ்ந்தது. 1905இல் சிக்காகோவில் தோன்றிய உலகத் தொழிற்றுறைத் தொழிலாளர் சங்கம், 1917 கோடையில் வொஷிங்டன், ஒறிகன் பகுதிகளில் எட்டுமணி நேர வேலைநாளைக் கோரிப் பெரும் வேலைநிறுத்தத்தை நடத்திற்று. அப்பொழுது வழக்கிலிருந்தது பத்து மணி நேரம். விமானங்களுக்கு வேண்டிய ஸ்பூரூஸ் மரம் கிடைப்பது தடைப்படவே, அரசு கலங்கிற்று. செப்தெம்பரில் தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். ஆனால் போராட்டத்தைக் கைவிடவில்லை. எட்டு மணி நேரம் வேலை செய்தபின் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு நடந்தனர். வேலைநேரத்திலும் முகாமை விரும்பிய வேகத்திலன்றித் தாம் விரும்பிய வேகத்திலேயே இயங்கினர். நேரத்தையும் வேகத்தையும் தாமே வரையறுத்த இச்செயல், உற்பத்தித்திறன் என்னும் பின்னத்தின் கீழ்ப்பகுதியை அவர்கள் தம் கையால் எழுதியதற்கு ஒப்பாகும்.

இராணுவத்தினர் ஆயிரக்கணக்கில் காடுகளுக்கு அனுப்பப்பட்டனர். கேணல் பிறைஸ் டிஸ்க்கின் தலைமையில், முதலாளிகளையும் தொழிலாளரையும் ஒரே அமைப்பில் அடக்கிய ‘விசுவாச சங்கம்’ உருவாக்கப்பட்டது. எனினும் 1918 மார்ச் 1ஆந் திகதி முதல் எட்டுமணி வேலைநாள் அப்பிரதேசமெங்கும் நடைமுறைக்கு வந்தது. தம் படுக்கைச் சுருளைத் தாமே முதுகில் சுமந்து முகாம் முகாமாக அலைந்த நிலையும் மாறத் தொடங்கிற்று. அதே ஆண்டில் அச்சங்கத்தின் தலைவர்களும் ஊழியர்களுமாக ஏறத்தாழ நூறு பேர் சிக்காகோ நீதிமன்றத்திற் குற்றவாளிகளாக்கப்பட்டனர் என்பதையும் உடன்வைத்து நோக்க வேண்டும். கோரிக்கையை ஏற்றுக் கோரியோரைச் சிறையிடுதல் முதலாளித்துவ அரசின் பழகிய வழியாகும். நேரம் குறைந்தபின் மரத்தொழில் நலியவில்லை; போர் முடியும்வரை ஸ்பூரூஸ் உற்பத்தி பெருகியே வந்தது. தோற்ற முதலாளிகளிற் சிலர் மீண்டும் துண்டுக்கூலியைப் புகுத்தினர். அதனை ஏற்றுக்கொண்டோரைச் சங்கத்தினர் ‘ஜிப்போ’ என இகழ்ந்தனர். தோழனின் வேகத்தைத் தன் வேகத்தால் விலைகுறைப்பவன் என்பதே அவ்விகழ்ச்சியின் உட்பொருள்.

6

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, அளவுகோலின் கொடுமை முதலாளித்துவத்துக்கு மட்டுமே உரியது என முடிவுகட்டின் நாம் வரலாற்றுக்கு உண்மையாயிருத்தல் இயலாது. முற்போக்கு ஆய்வாளர் தயக்கமின்றி நோக்கவேண்டிய பகுதி இது.

1914இல் லெனின், டெயிலர் முறையை மனிதன் இயந்திரத்துக்கு அடிமையாகும் முறை எனக் கண்டித்தார். அதேவேளை, தொழிலாளர் வர்க்கம் உற்பத்தியைத் தன் கையில் எடுக்கும்போது, வேலைநேரத்தைக் குறைக்க அது உதவக்கூடும் எனவும் கருதினார். 1918 ஏப்பிரலில், சோவியத் அரசின் உடனடிப் பணிகளை வகுத்தபோது, அம்முறையின் கொடுமையையும் விஞ்ஞானக் கூறுகளையும் பிரித்தறிந்து பின்னையவற்றைக் கற்குமாறு கூறினார். 1920இல் மொஸ்கோவில் மத்திய உழைப்பு நிறுவனத்தை அமைத்த அலெக்சேய் கஸ்தேவ் உலோகத் தொழிலாளி, கவிஞர். 1918இல் வெளியான அவரது கவிதைத் தொகுதி தொழிலாளியின் சம்மட்டி அடியையே தலைப்பாகக் கொண்டது. பாடலையும் கடிகாரத்தையும் ஒன்றிணைக்கலாம் என அவர் கனவு கண்டார். 1938இல் கைதாகி, 1939இல் சுட்டுக்கொல்லப்பட்டார்.

வட ரஷ்ய மரமுகாம்களில் அக்கனவு என்னவாயிற்று என்பதற்கு, போலந்து எழுத்தாளர் குஸ்தாவ் ஹெர்லிங் 1951இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘வேறோர் உலகம்’ சான்று. 1940இல் கைதாகி, ஆர்க்காங்கெல்ஸ்க் பகுதியின் யெர்ற்செவோ முகாமில் இருந்த காலத்தில், புகையிரதப் பெட்டிகளில் ஏற்றி இறக்கும் குழுவில் அவர் வேலை செய்தார். அம்முகாம் தொகுதியின் முதன்மைத் தொழில் மரம். அங்கு உணவு மூன்று கொப்பரைகளில் வெந்தது. நியமிக்கப்பட்ட அளவை எட்டாதோருக்கு ஒன்று, எட்டியோருக்கு இன்னொன்று, 125 வீதத்தைத் தாண்டியோருக்கு மூன்றாவது. குறைய உண்டவர் குறைய உழைத்தார். குறைய உழைத்தவர் மேலும் குறைய உண்டார். துண்டுக்கூலியின் தர்க்கம் இங்கே அதன் இறுதி எல்லையைத் தொட்டது. அளவுகோல் மனிதனின் இரைப்பைக்குள்ளேயே நிறுத்தப்பட்டது.

இவ்வொடுக்குமுறைக்குக் கைதிகள் காட்டிய எதிர்வினை ‘டுஃப்தா’ எனப்பட்ட பொய்க்கணக்கு. முன்னரே எண்ணப்பட்டுக் குவிந்துகிடந்த குற்றிகளின் முனைகளை மெல்லிதாக அரிந்தெடுத்தால் அவை புதிதாக வெட்டியவைபோல் தோன்றும், மீண்டும் எண்ணப்படும். கணக்கேட்டில் உற்பத்தித்திறன் ஏறும். காட்டில் மரம் கூடாது. உழைப்போரின் பங்கேற்பின்றி விதிக்கப்படும் அளவு, தான் அளக்க வந்த பொருளையே பொய்யாக்கிவிடுகின்றது. உற்பத்திச் சாதனங்கள் அரசுடைமையாவது மட்டும் போதாது; உழைப்பை அளக்கும் உரிமையும் உழைப்போரிடம் சேராவிடின், பழைய உறவு புதிய பெயரில் தொடரும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.

7

இரண்டாம் உலகப் போரின் பின் மரமேற்றும் தொழிலின் முகம் மாறிற்று. காட்டுப் புகையிரதப் பாதைகளின் இடத்தை லொறிகள் கைப்பற்றின. தொடக்கத்தில் கம்பிவடமும் இடுக்கிகளும் கொண்டு, ஏற்றுநர் குழுவொன்றே லொறிகளையும் நிறைத்தது. 1944இல் சுவீடனின் ஹுடிக்ஸ்வால் நகரில் எரிக் சுண்டின் என்னும் பனிச்சறுக்குப் பலகை உற்பத்தியாளர் ஹியாப் நிறுவனத்தை அமைத்தார். லொறியின் சொந்த இயந்திர ஆற்றலாலேயே திரவ அழுத்தத்தின்மூலம் இயங்கும் சிறு பாரந்தூக்கியை அந்நிறுவனம் 1947இல் வெளியிட்டது. பின்னர் கௌவிப் பிடிக்கும் இரும்பு நகங்களும் பொருத்தப்பட்டபோது, சாரதி ஒருவரே தன் லொறியை ஏற்றி, ஓட்டிச் சென்று, இறக்கவும் இயன்றது.

இம்மாற்றத்தை நாம் வரவேற்கவே வேண்டும். சரியும் குற்றிகளின் அடியில் மனித உடல் நிற்கவேண்டிய தேவையை அது பெருமளவு நீக்கிற்று. கையால் ஏற்றிய காலத்தின் மீது ஏக்கம் கொள்வது நகரத்துக் கற்பனாவாதமேயன்றி, உழைப்பாளியின் நோக்கன்று. ஆனால் பின்னத்தின் கீழ்ப்பகுதியில் நின்ற ஆட்களுள் பலர் மறைந்தபோது, மிச்சமான நேரம் எவருக்குச் சேர்ந்தது என்ற வினா மறையவில்லை. ஏற்றுநர் குழு கலைந்தது. எஞ்சிய ஒருவர், கடனில் வாங்கிய லொறியின் தவணைக்காகச் சுமைக்கு இவ்வளவு என்ற கணக்கில் நாளெல்லாம் ஓடுபவராக மாறிய இடங்கள் பல. கடிகாரத்துடன் மேற்பார்வையாளர் நிற்கவேண்டிய அவசியமும் அற்றுப்போயிற்று, கடனே மேற்பார்வையாளராயிற்று.

சுவீடனிலேயே இவ்வினா எழுந்தது. 1975இல் அந்நாட்டின் காட்டுத் தொழிலாளர், தம் தொழிற்சங்கத் தலைமையின் அனுமதியின்றியே வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களது முதன்மைக் கோரிக்கை கூடுதற் கூலியன்று. துண்டுக்கூலியை ஒழித்து மாதச் சம்பளம் தருதலே. இயந்திர வாளின் அதிர்வினால் விரல்கள் வெளிறி உணர்விழத்தல், அவசரத்தாற் காயமுறுதல் என்பன அவர்தம் அனுபவமாயிருந்தன. இதன்பின் நேரடித் துண்டுக்கூலி முறை பெரிதும் பின்வாங்கிற்று. அம்மாற்றத்தைத் தொடர்ந்து விபத்துகள் குறைந்தமையை அந்நாட்டு ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். வேகத்தின்பொருட்டு ஆபத்தை ஏற்பது தொழிலாளியின் கவனக்குறைவன்று, கூலி முறையின் விளைவே என்பது இவ்வாறு தெளிவாயிற்று. மிகுந்த இயந்திரமயமாக்கலும், மனிதநேயமான அளவுகோலும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. இரண்டாவது, முதலாவதன் தானாக வரும் பலனுமன்று, போராடிப் பெறப்பட்டது.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு முடிவு புலனாகும். உற்பத்தித்திறன் என்னும் எண் பொய்யானதன்று. ஆனால் அது முழுமையானதுமன்று. சாய்ந்த வாய்பாட்டால் மேற்பகுதி குறைக்கப்படலாம். ஓய்வு, அச்சம், காயம், முதுமை ஆகியவற்றை விலக்குவதால் கீழ்ப்பகுதி பொய்த்துப் போகலாம். மணிக்கு எத்தனை தொன் என வினவும் ஆய்வாளர், யாருடைய மணி, எவருடைய தொன், எவர் வகுத்த கோல் என்பவற்றையும் உடன் வினவுதல் வேண்டும்.

நம் நாட்டிலும் இவ்வாய்வுக்குக் களமுண்டு. 1968இல் அமைக்கப்பட்ட அரச மரக் கூட்டுத்தாபனத்தின் பதிவேடுகள் ஒருபுறம். முதிரையும் பாலையும் வந்திறங்கிய ஊர் மரக்காலைகளின் வாய்மொழி வரலாறு மறுபுறம். குற்றிகளை லொறிக்கு ஏற்றப் பழக்கப்பட்ட யானைகளும் பாகரும், கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரும் தமக்கென ஓர் அளவு மொழியையும் வேலைச் சொற்களையும் உடையோர். எண்களைத் தொகுப்பது பொருளியலாளர் பணி, சொற்களைத் தொகுப்பது இலக்கிய மாணவர் பணி என்ற பிரிவினை இவ்விடயத்திற் பயன்தராது. ஏற்றுநர் எதனைச் சுமை என்றனர், எதனை ஓய்வு என்றனர், எவ்வளவினை ஒரு நாள் வேலை என ஏற்றனர் என்பவற்றை அவர்கள் சொற்களிலேயே பதிவுசெய்தல், அளவுகோலை அதற்குரியோரிடம் மீளச் சேர்க்கும் பணியின் தொடக்கமாகும். அத்தலைமுறையினர் நம்மிடையே இருக்கும்போதே அதனைத் தொடங்குதல் வேண்டும்.